சம்பந்தியின் தனிக் கவனத்துக்கு: என் கட்டைவிரல் நகம் பற்றி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் அம்மையாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது கடிதத்துக்காக எழுதுவது. கொஞ்ச நாளாக நான் எதையும் நம்புவதில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக இருக்கும்போது படிக்கவும். அம்மையார் பக்கத்தில் இருந்தால், மின்சார வாரியத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடவும். படித்து முடித்ததும் ஃபோன் செய்ய வேண்டாம். எங்கள் வீட்டில் ஃபோனை யார் எடுக்கிறார்கள், யார் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள் என்பதெல்லாம் இப்போது என் கையில் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பால்கனியில் பேப்பரை விரித்துப் போட்டு, கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. அடியிலிருந்து நுனி வரை, யாரோ ஸ்கேல் வைத்துப் பென்சிலால் இழுத்த மாதிரி நேர்கோடு. பதறிப்போய் மற்ற விரல்களையும் பார்த்தால் வலது மோதிர விரலில் கருநீலமாக ஒரு திட்டு. வேலை பார்த்த காலமெல்லாம் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பேன். டிக்கெட் இல்லாத ஆசாமி, நான் பெட்டிக்குள் நுழைந்ததுமே, ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அழகாக ஏதோ தெரிவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். அந்தப் பார்வையை எங்கே கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள்.

முதலில் உங்கள் சம்பந்தியம்மாளிடம், அதாவது என் மனைவியிடம், காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "மை பட்டிருக்கும். சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றாள். நான் பேனாவைத் தொட்டே எவ்வளவோ காலமாச்சு என்றேன். "அப்ப ஷூ பாலிஷா இருக்கும்" என்றாள். ஷூவும்தான் போடுவதில்லை என்றேன். "அப்ப வயசு" என்றாள். ஒரு கேள்விக்கு இவ்வளவு பதில் கைவசம் வைத்திருக்கிறவளை நான் சும்மா விட்டிருக்கக் கூடாது. அன்றைக்கு என் கவனமெல்லாம் நகத்தில் இருந்தது. சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பற்பசை தேய்த்தேன், கடைசியில் பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எடுத்துத் தேய்த்ததில் தோல் உரிந்து விரல் தக்காளி மாதிரி ஆனதே தவிர, கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில், போர்த்திய துணிக்கு வெளியே என் கை தெரிந்ததும் முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தினார்.

"சார், எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் நகத்துல ஒரு கோடு இருந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கார்?"

அவர் ஃபேனைக் கூட்டி வைத்தார். "நல்ல மனுஷன் சார்" என்றார். அப்புறம் என்னைக் கேட்காமலே மீசையை ஒதுக்கிவிட்டு, அதற்குத் தனியாக எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கடைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவர் எதையும் வேண்டாமென்று சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே மகளை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "டாக்டர்கிட்ட காட்டணும்பா. நானே வரேன்" என்றாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் நிற்கிறாள், ஒரு பெரிய சூட்கேஸ், கக்கத்தில் தலையணை. "லீவு கிடைச்சுது, சும்மா வந்தேன்" என்றாள். சம்பந்தி, சும்மா வருகிறவர்கள் தலையணை கொண்டுவருவதில்லை. நீண்ட நாள் நோயாளிக்குத் துணையாக இருக்கத் தயாராக வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டேன். "அவருக்கு வேலை" என்று சொல்லிவிட்டு, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அழகான பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அதற்கு அடுத்தாற்போல உங்கள் ஃபோன். வழக்கமாக நீங்கள் மழையைப் பற்றிக் கேட்பீர்கள், என் முழங்காலைப் பற்றிக் கேட்பீர்கள், வைத்துவிடுவீர்கள். அன்றைக்கு "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டதோடு நிற்காமல் "மனசு எப்படி இருக்கு" என்றும் கேட்டீர்கள். நாம் சம்பந்தியான நாளிலிருந்து எனக்கு மனசு என்று ஒன்று இருப்பதாக நீங்கள் காட்டிக்கொண்டதேயில்லை. அதுவும் நீங்கள் மருந்துக்கடை நடத்தியவர். மருந்துச் சீட்டைப் பார்த்தே ஆளின் ஆயுளைச் சொல்லிவிடுகிறவர். விஷயம் உங்கள் வரைக்கும் போய்விட்டது என்று தீர்மானித்தேன்.

தோல் டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடியை நகத்தின் மேல் வைத்து, தங்கம் உரசிப் பார்க்கிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். மோதிர விரலைத் தொட்டு, "இது ரத்தக்கட்டு. எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்றார். இல்லவே இல்லை என்றேன். பக்கத்திலிருந்த மகள், "வாசல் கேட்டுல விரல் மாட்டிக்கிச்சுன்னு அம்மா சொன்னாங்களேப்பா" என்றாள். அது கேட்டின் தப்பு, என் தப்பில்லை என்றேன். டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார்: "நகம் வளர வளர இந்தத் திட்டு முன்னாடி நகர்ந்து போயிடும். இதைப் பத்திக் கவலை வேணாம். ஆனா இந்தக் கோடு வேர்லேருந்து வருது. நிறைய பேருக்குப் பல நகத்துல இந்த மாதிரி கோடு இருக்கும், அவங்க உடம்பு வாகு அது. உங்க வயசுல, ஒரே ஒரு நகத்துல, புதுசா வந்தா மட்டும் பார்த்துடணும். அகலமாகுதா, பக்கத்துத் தோல்ல கறுப்பு இறங்குதான்னு கவனிக்கணும்." இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். "இப்ப இல்லை" என்றார். அந்த 'இப்ப' என்ற சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். நகத்தின் வேரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று அடுத்த வாரம் வரச் சொன்னார். என் சந்தேகத்தைத் துணுக்கு எடுத்துத் தீர்க்க முடியாது என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

நான் கை கழுவிவிட்டு வருகிறேன். மருத்துவமனை வராந்தாவின் திருப்பத்தில் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். ஒட்டுக் கேட்பது என் வழக்கமில்லை. ஆனால் தொழில் பழக்கத்தில் காது தானாகப் போகும். "அப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம். அவர் தாங்க மாட்டார். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றாள். இதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ரிசல்ட் தெரிந்திருக்கிறது. ஆட்டோவில் வீடு திரும்புகிற வழியெல்லாம் எல்லாக் கடைகளையும் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகிறவன் பகையோடு போகக் கூடாது என்று அன்றே ஒவ்வொருவராக மன்னிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் மோட்டார் சத்தத்தைப் பற்றி என்னோடு ஓயாமல் சண்டை போடுகிற கீழ்வீட்டு மோட்டார்காரரை மன்னித்தேன். உங்களையும் மன்னித்தேன். கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில் நீங்களும் உங்கள் தம்பியும் முழு உருவமாக நிற்க, பெண்ணைப் பெற்ற எனக்கு ஒரு தோள்பட்டை மட்டும் தெரிகிறதே, அந்த விஷயத்தை. (இப்போது நிலைமை மாறிவிட்டதால் அந்த மன்னிப்பு மறுபரிசீலனையில் இருக்கிறது.)

துணுக்கு எடுக்கிற நாளில் மாப்பிள்ளை வந்துவிட்டார். யாரும் சொல்லாமலே, நேராக மருத்துவமனைக்கு, சட்டையெல்லாம் கசங்கிப்போய். "என்ன மாப்பிள்ளை, வேலைன்னு சொன்னாங்களே" என்றேன். "உங்களைவிட வேலையா மாமா" என்றார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: அவர் உட்கார்ந்த பெஞ்சில் என் மகள் உட்காரவில்லை. அழுகையை அடக்கிக்கொள்ளத் தனியாகப் போய் நிற்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசியைப் பற்றி எழுதினால் நீங்கள் மாடியிலிருந்து இறங்க மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன். வெளியே வரும்போது கட்டைவிரல், கட்டுப்போட்டுச் சின்னச் சுரைக்காய் அளவுக்கு இருந்தது. கையைத் தொங்கப்போட்டால் விண்விண்ணென்று தெறிக்கும், உயர்த்தியே வைத்திருங்கள் என்றார்கள்.

கட்டைவிரலை உயர்த்தியே வைத்திருக்கிற மனிதனுக்கு வெளியில் என்ன நடக்கும் என்பதை அந்த மருத்துவமனை யோசிக்கவில்லை. பேருந்து ஒன்று எனக்காக நின்றது. அறிமுகமில்லாத ஒரு பெண்மணி தன் புதுக் காரைப் பார்த்து நான் பாராட்டுவதாக நினைத்து நன்றி சொன்னார். அந்த வாரக் கடைசியில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். செயலாளர் பதவியை இத்தனை வருஷம் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்காதவன், ராஜினாமா செய்து எல்லாரையும் நெகிழ வைத்துவிட்டு வரலாம் என்று போனேன். நான் பேச வாய் எடுப்பதற்குள் மோட்டார்காரர், வெளிக் கேட்டுக்கு ரோஜா நிறத்தில் பெயின்ட் அடிக்கலாமா என்றார். என் விரலைப் பார்த்து "செயலாளரே சரின்னுட்டார்" என்றார்கள். மோட்டாரை அவர் வீட்டுச் சுவரிலிருந்து நகர்த்தி என் ஜன்னலுக்குக் கீழே வைக்கலாமா என்றார், அதற்கும் சரி. கையை இறக்கினால் உயிர் போகிறது, உயர்த்தினால் மானம் போகிறது. கடைசியில் ராஜினாமாவைச் சொன்னபோது நெகிழ்வார்கள் என்று பார்த்தால், மோட்டார்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து என் இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கினார். புதுச் செயலாளர் அவர்தான்.

இனி முக்கியமான பகுதி. ரிசல்ட் வரும் நாளில் எல்லாருமாகப் போனால் எனக்குப் பாதிதான் சொல்வார்கள் என்று, நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டது எதுவும் இல்லை. நிறம் கொடுக்கிற செல்கள் அந்த இடத்துல கொஞ்சம் கூடுதலா வேலை செய்யுது, அவ்வளவுதான். சில மாசம் கழிச்சு மறுபடி காட்டுங்க. அதுக்குள்ள கோடு மாறினா உடனே வாங்க" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என் பொண்ணு உங்ககிட்ட தனியா என்ன கேட்டா? மறைக்காம சொல்லுங்க."

"ஊசி வலிக்குமான்னு கேட்டாங்க. வேற ஒண்ணும் கேக்கலையே."

வெளியே மரத்தடி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். சாகப் போவதில்லை என்கிற சந்தோஷம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் இருந்தது, சம்பந்தி. அப்படியானால் அந்த ஃபோன்? 'அப்பா தாங்க மாட்டார்' என்றாளே, எதை? பெண்ணைப் பெற்றவன் தாங்க முடியாதது தன் சாவைத் தவிர வேறு என்ன இருக்கும் என்று ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். சூட்கேஸ், தலையணை, சிவந்த கண், அவள் உட்காராத பெஞ்சு. இத்தனை வருஷம் முகம் பார்த்தவன், என் நகத்தையே பார்த்துக்கொண்டு என் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். உங்கள் சம்பந்தியம்மாள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் பற்றி நான் மூச்சு விடவில்லை. "அவங்களுக்குள்ள என்ன பிரச்சினை?" என்று மட்டும் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. அதான் கேக்கறேன்."

"அவரை வெளிநாட்டுக் கிளைக்குப் போகச் சொல்லியிருக்காங்க, சில வருஷம். சரின்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துதான் வீட்டில சொல்லியிருக்கார். இவளுக்கு அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத்துல தலைமைப் பொறுப்பு வந்திருக்கு. ஒரு வார்த்தை என்னைக் கேக்கலையேம்மான்னு அழுதா. பிரிஞ்சு இருக்கலாம்னு கிளம்பி வந்துட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? நேரா போய் மாப்பிள்ளையை டிக்கெட் இல்லாதவனை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பீங்க. அவர் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிப் போயிடுவார்."

அவள் சொல்லி முடிப்பதற்குள், விசாரிக்க வேண்டிய கேள்விகளை நான் ஏற்கெனவே மனசுக்குள் வரிசைப்படுத்திவிட்டிருந்தேன்.

ஆனால் விசாரிக்கவில்லை. காரணம் இது. மாப்பிள்ளை அன்று வந்தவர், என் விரலைச் சாக்கிட்டு இங்கேயே தங்கிவிட்டார். ஹாலில் படுக்கிறார், கட்டு மாற்றுகிறார், என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறார். முதலில் இருவரும் "அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா", "மாமாவுக்குப் பஞ்சு வாங்கணும்" என்று என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு பஞ்சை எப்படிச் சுற்றுவது என்று சண்டை போட்டார்கள். பிறகு அந்தச் சண்டையில் ஒருநாள் சிரித்துவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் பால்கனிக் கொடியில் காய்ந்த போர்வைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவியோன்னு பயம்."

"சொல்லியிருப்பேன். அப்புறம் உக்காந்து யோசிச்சிருப்பேன்."

"மாமா ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. "இருங்க" என்றாள். அந்த 'இருங்க'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், சம்பந்தி. போர்வையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

ஆகவே, ரிசல்ட்டை நான் சொல்லப்போவதில்லை. சோதனைக்கூடத்தில் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். காகிதத்தை டாக்டரம்மாவிடமே விட்டுவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாக டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறேன். வீட்டில் யார் என்னைப் பார்த்தாலும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். அவர்கள் நம்புவதற்காக அவ்வப்போது இருமுகிறேன். "நகத்துக்கு எதுக்கு இருமல்?" என்று உங்கள் சம்பந்தியம்மாள் கேட்கிறாள். அவள் போக்கே சரியில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். நீங்கள் ஃபோன் செய்யும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வருத்தமாகவே பேசவும். ரிசல்ட் வந்ததா என்று கேட்டுவிட்டு, வரவில்லை என்றதும் ஒரு பெருமூச்சு விடவும். உங்களுக்கு முன்னமே எல்லாம் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். உங்கள் மகனிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீங்கள் அப்பா, நீங்கள் கேட்கலாம். ஆனால் விசாரிக்கிற தொனியில் வேண்டாம். பெற்றவர்கள் நாம் நாலு பேரும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.

அம்மையாருக்கு என் வணக்கங்கள். உங்கள் தம்பிக்கும், அவர் முழு உருவத்துக்கும், என் அன்பு. எல்லாரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடவும். கடிதத்தை உறையில் போடுவதற்குள் மாப்பிள்ளை வந்து எதிரே உட்கார்ந்தார். "மாமா, இன்னும் எத்தனை நாள் ரிசல்ட் வரலைன்னு சொல்லப் போறீங்க?" என்றார். மருத்துவமனையில் பதிவு செய்தபோது மகள் தன் ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்த அதே நேரம் ரிசல்ட் அவள் ஃபோனுக்கு வந்துவிட்டது. போர்வைப் பேச்செல்லாம் அது தெரிந்த பிறகு நடந்ததுதான். இத்தனை நாளும் மூன்று பேரும் தெரியாத மாதிரி நடித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க நோயாளியா இருக்கும்போது யார்கூடவும் சண்டை போடலைப்பா. அம்மாதான் கொஞ்ச நாள் இப்படியே ஓடட்டும்னாங்க" என்றாள் மகள். மாப்பிள்ளை மாற்றலைத் தள்ளிவைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை, இருவருமாகச் சேர்ந்து முடிவு செய்யப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகத்தான் ஊருக்குக் கிளம்புகிறார்கள். எனவே நீங்கள் குரலைத் தாழ்த்த வேண்டாம், பெருமூச்சும் வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம். நேற்று நீங்கள் உங்கள் சம்பந்தியம்மாளிடம் வெகுநேரம் ஃபோனில் பேசியதாகத் தெரிகிறது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லை" என்றாள். பக்கத்திலிருந்த மகளும் "ஒண்ணுமில்லைப்பா" என்றாள். அறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையும் "ஒண்ணுமில்லை மாமா" என்றார். ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல மூன்று பேர் எதற்கு? உடனே பதில் எழுதவும்.